எங்களால் மன்னிக்க முடியாத ஒருவருக்காக மன்றாடத் தொடங்குவது எப்படி

இயேசு கற்றுத்தந்த செபத்தில் மற்ற எல்லாவற்றையும் நிபந்தனை இல்லாமல்தான் கேட்கிறோம். அன்றாட உணவைத் தாரும் என்கிறோம், சோதனையில் விழவிடாதேயும் என்கிறோம். ஓர் இடத்தில் மட்டும் எங்கள் வாயாலேயே எங்களைக் கட்டிப்போடுகிறோம்: எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களையும் மன்னியும் என்று. பழக்கப்பட்டவர்கள் அந்த வரியைக் கடகடவென்று தாண்டிவிடுவார்கள். புதிதாகக் கோயிலுக்கு வரத் தொடங்கியவர்கள்தான் அதில் தடக்குப்படுகிறார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள், கலியாணத்தோடு கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் வந்தவர்கள், சின்ன வயதில் விட்டுப்போய் இப்போது திரும்பி வந்தவர்கள். நான் கத்தோலிக்கப் பக்கம். ஆகவே சில சொற்கள் அந்தப் பக்கத்து வாசனையோடு வரும். தென்னிந்தியத் திருச்சபை, மெதடிஸ்த, அங்கிலிக்கன், சுயாதீன சபை என்று எதில் இருந்தாலும் செய்முறை ஒன்றுதான்.

எது மன்னிப்பு இல்லை

யாழ்ப்பாணத்தில் மன்னிப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் காணியைப் பற்றியதாகத்தான் இருக்கும். "அப்ப எல்லை வேலி வழக்கை நான் கைவிட வேணுமோ?" அடுத்தது சீட்டுக்காசு. அதற்கடுத்தது, குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டுக்குள் நடக்கும் அடி உதை. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் "மன்னியுங்கோ, மறந்துவிடுங்கோ" என்று பிரசங்கம் வைத்தால் கேட்டவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார். வராவிட்டால் அவரில் பிழை சொல்லவும் முடியாது.

மன்னிப்பது என்றால் பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவது. அந்தக் கணக்கைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டு, தீமை செய்தவருக்கும் நல்லது நடக்கட்டும் என்று விரும்பப் பழகுவது. இவ்வளவுதான். நடந்தது சின்ன விசயம் என்று சொல்வதோ, உண்மையை மூடிமறைப்பதோ, அந்த ஆளைப் பழையபடி நம்புவதோ அதில் அடங்காது. காணி உறுதி உங்கள் பக்கம் இருந்தால் வழக்கு நடக்கட்டும். வழக்கு முடிந்த பிறகும் பக்கத்து வளவுக்காரன் நாசமாய்ப் போகவேண்டும் என்று காத்திருக்கிறோமே, அதைத்தான் விடச் சொல்கிறார் ஆண்டவர்.

பைபிளிலேயே இதற்கு நல்ல உதாரணம் தாவீது. சவுல் அரசன் அவரைக் கொல்லத் தேடித் திரிந்தபோது, சவுலைக் கொல்ல இரண்டு தரம் தாவீதுக்கு வாய்ப்புக் கிடைத்தது. இரண்டு தரமும் கை வைக்கவில்லை. முதல் சாமுவேல் 26ஆம் அதிகாரத்தில் சவுல் மனம் நொந்து, "மகனே, திரும்பி வா, இனி உனக்குத் தீங்கு செய்ய மாட்டேன்" என்கிறான். தாவீது என்ன செய்தார்? எடுத்து வந்த ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தார். தன் வழியே போனார். அரண்மனைக்குத் திரும்பவில்லை. இந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள், ஒருவரை மன்னித்தபடியே அவரிடமிருந்து தூர நிற்கலாம் என்பது விளங்கும்.

எங்கள் காலத்திலும் உண்டு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலை 1981 மே 13இல் வத்திக்கானில் வைத்துச் சுட்டவர் மெஹ்மெட் அலி அக்ஜா. 1983 டிசம்பர் 27இல் திருத்தந்தை உரோமைச் சிறைக்கே போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தார். ஆனாலும் அக்ஜா 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். இங்கே இலங்கையில், 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று கோயில்களில் நடந்த குண்டுவெடிப்புகளுக்கு அடுத்த வருடம், கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை உயிர்ப்பு ஞாயிறு மறையுரையில் தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் உண்மை வெளிவர வேண்டும், பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. இரண்டும் ஒரே மனிதரின் வாயிலிருந்து வரலாம்.

வீட்டு அடிதடியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கணவன் அடிக்கிறார் என்று அழுதுகொண்டு வந்த பெண்ணிடம் "பொறுத்துக்கொள் பிள்ளை, செபித்தால் எல்லாம் சரிவரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது விசுவாசம் ஆகாது. அது அடிக்கிறவனுக்குச் செய்கிற ஒத்தாசை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மன்னிப்பைப் பற்றி அங்கே இருந்துகொண்டு ஆறுதலாக யோசிக்கலாம். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தால், செய்தவர் கோயிலில் முன்னுக்கு நிற்கிற ஆளாக இருந்தாலும், பொலிசுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சரி, இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதலில் ஒரு கொப்பி எடுங்கள்

நடந்ததை எழுதுங்கள். அந்த ஆளைப் பற்றிய உங்கள் தீர்ப்பை எழுத வேண்டாம். "அவ ஒரு சரியில்லாத மனுசி" என்று எழுதினால் அதில் மன்னிக்க ஒன்றும் இல்லை, அது ஒரு செயல் இல்லையே. யார், எப்போது, என்ன செய்தார், உங்களுக்கு என்ன போனது என்று எழுதுங்கள். ஒரு மாதிரி தருகிறேன், கற்பனைதான், ஆனால் இந்த ஊரில் எந்த ஒழுங்கையிலும் நடந்திருக்கக்கூடியது:

"சீட்டில் என்ரை முறை வந்தது. மூன்று லட்சம். தரவில்லை. கேட்கப் போனேன். படலையைத் திறக்காமல் வெளியிலேயே நிற்கவைத்துக் கதைத்தா. ஒழுங்கையால் போன சனம் பார்த்தது. பிறகு நான்தான் பொய் சொல்லுறன் என்று அவவின் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறா."

இதில் மூன்று காயம் இருக்கிறது. காசு போனது ஒன்று. வெளியில் நிற்கவைத்தது ஒன்று. பொய்க்காரி ஆக்கியது மற்றது. "காசை எப்பவோ மன்னிச்சிட்டன், ஆனாலும் நெஞ்சு எரியுது" என்று சொல்கிறவர்களின் கொப்பியைப் பார்த்தால் அந்தப் படலை எழுதப்படாமல் இருக்கும். எழுதாததை மன்னிக்க முடியாது. திருப்பாடல் 55 இதைத்தான் பாடுகிறது: பகைவன் பழித்திருந்தால் பொறுத்திருப்பேன், செய்தது என் தோழன், என்னோடு கூட ஆலயத்துக்கு நடந்து வந்தவன் என்று. எங்கள் காயங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

உங்கள் பக்கத்திலும் ஏதாவது பிழை இருந்தால் அதை இன்னொரு பக்கத்தில் தனியாக எழுதுங்கள். ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க வேண்டாம். அடி வாங்கியவர்கள், சிறு வயதில் கெடுக்கப்பட்டவர்கள் இந்த இரண்டாம் பக்கத்தைத் திறக்கவே தேவையில்லை; அப்படி ஒரு பக்கம் உங்களுக்குக் கிடையாது.

கொப்பியை யாரும் எடுக்காத இடத்தில் வையுங்கள். ஃபோனில் எழுத வேண்டாம். கை தட்டுப்பட்டு அது குடும்ப வட்ஸ்அப் குழுமத்துக்குப் போய்விட்டால் மன்னிக்க வேண்டிய ஆட்களின் தொகை கூடிவிடும்.

கோபத்தைக் கடவுளிடம் கொண்டு போங்கள்

புதியவர்களில் பலர், செபம் என்றால் நல்ல நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திருப்பாடல்கள், அதாவது சங்கீதப் புத்தகம், அந்த எண்ணத்தைப் போக்கிவிடும். 13ஆவது "இன்னும் எவ்வளவு காலம் ஆண்டவரே" என்று தொடங்குகிறது. 88ஆவது கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. 109ஆவது பச்சையான சாபம். இவற்றை ஏன் பைபிளில் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அந்தச் சாபத்தை எதிரியின் முகத்துக்கு நேரே வீசாமல் கடவுளின் முன் கொட்டியிருக்கிறார்கள். கொட்ட வேண்டிய இடம் அதுதான்.

கதவைப் பூட்டிக்கொண்டு சத்தமாக வாசியுங்கள். அழுகை வந்தால் வரட்டும். ஒரு நாளோடு முடியாவிட்டால் மறுநாளும் வாசியுங்கள். இந்தப் படியைப் பாய்ந்து தாண்டுகிறவர்கள் பிறகு வாயால் மன்னித்து வயிற்றில் புண் வளர்ப்பார்கள்.

கடனைக் கைமாற்றுங்கள்

மத்தேயு 18இல் பேதுரு, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமா என்று கேட்கிறார். எழுபது தடவை ஏழு என்று பதில் சொல்லிவிட்டு இயேசு ஒரு கதை சொல்கிறார். அரசனுக்கு ஒருவன் பத்தாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்து கிட்டத்தட்ட 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராது. அரசன் அதை விட்டுக்கொடுக்கிறான். வெளியே வந்த அவன், தனக்கு 100 தெனாரியம் தர வேண்டிய ஒருவனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அந்த நூறும் ஒரு பொருட்டா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நூறு நாள் கூலி சின்னக் காசில்லை. கூலிக்குப் போகிற ஒரு மேசனைக் கேட்டுப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. இயேசு வேண்டுமென்றே ஒரு உண்மையான தொகையைச் சொல்கிறார். உங்களுக்குச் செய்யப்பட்டது உண்மையான நட்டம், அதை அவர் மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உங்களுக்குத் தள்ளுபடி ஆகியிருக்கிறது என்று மட்டும் நினைவூட்டுகிறார்.

இங்கே செய்ய வேண்டியது சுருக்கம். கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதிய ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்து, "ஆண்டவரே, இதற்கு இவர் எனக்குத் தர வேண்டிய கடனை உம்மிடம் விடுகிறேன். நீரே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லுங்கள். பழிவாங்குவது என் வேலை என்று கடவுள் சொல்வதாகப் பவுல் உரோமையர் 12இல் எழுதுகிறார். அவரிடம் கொடுத்தது காணாமல் போய்விடாது. மனம் ஒத்துவராவிட்டாலும் சொல்லுங்கள். இது தீர்மானம், உணர்ச்சி பின்னால் ஆறுதலாக வரும். சிலருக்கு வர நெடுங்காலம் எடுக்கும்.

பெயர் சொல்லிச் செபியுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. மற்றதெல்லாம் அரைகுறையாகச் செய்தாலும் இதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

மத்தேயு 5:44 சொல்வது: "உங்கள் பகைவரிடமும் அன்பு கூருங்கள், உங்களைத் துன்புறுத்துவோருக்காக இறைவனிடம் வேண்டுங்கள்." எப்படி அன்பு கூருவது என்று மலைத்துப்போகிறவர்களுக்கு இரண்டாம் பாதிதான் வழி. வேண்டுவதில் தொடங்கினால் அன்பு மெல்ல மெல்லப் பின்னால் வரும்.

முதல் கிழமை ஒன்றும் கேட்க வேண்டாம். இரவு படுக்கப் போக முன் அந்த ஆளின் பெயரைச் சொல்லி, கர்த்தர் கற்பித்த செபத்தை ஒருமுறை சொல்லுங்கள். போதும். பெயரைச் சொல்லும்போதே தொண்டை அடைக்கும், சிலருக்குக் கை நடுங்கும். அதுவும் செபம்தான்.

அப்புறம் சாதாரணமான தேவைகளைக் கேட்கத் தொடங்குங்கள். அந்த ஆளும் காலையில் எழும்பி, தேநீர் குடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மருந்துக் கடையில் வரிசையில் நிற்கிறவர்தான். அந்தத் தேவைகளுக்காக வேண்டுங்கள். சீட்டுக்காசுக் கதையில் உள்ளவவுக்கு இப்படி வேண்டலாம்:

"ஆண்டவரே, அவவின் முழங்கால் நோவைக் குறைத்தருளும். மகனுக்கு ஓ.எல். சோதினை வருகிறது, நல்லாச் செய்யட்டும். என்ரை காசைப் பற்றி உமக்குத் தெரியும். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆமென்."

கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். அதுதான் மற்ற வரிகளைப் பொய்யாகப் போகவிடாமல் காக்கிறது.

செய்யக் கூடாதது ஒன்று. "ஆண்டவரே, அவனுக்கு நல்ல புத்தியைக் கொடும், தான் செய்தது பிழை என்று உணர வையும்" என்று தொடங்கி அதிலேயே நின்றுவிடாதீர்கள். கேட்க நல்ல செபம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அது வழக்கைக் கோட்டிலிருந்து கோயிலுக்கு மாற்றிய கதை. நீங்கள்தான் முறைப்பாட்டுக்காரர், கடவுள் உங்கள் அப்புக்காத்து, அதாவது வழக்கறிஞர். பிற்பாடு அவருடைய மனமாற்றத்துக்காகவும் வேண்டலாம், வேண்டவும் வேண்டும். முதலில் முழங்கால் நோ.

இன்னொன்று, செபக் குழுவில் இதைப் பெயரோடு சொல்லாதீர்கள். "இன்னாருக்காக எல்லாரும் செபிப்போம், அவ எனக்குச் செய்தது உங்களுக்குத் தெரியும்தானே" என்று தொடங்கினால் கொக்குவிலில் சொன்னது பொழுதுபட முன் கோண்டாவிலுக்குப் போய்விடும். செபக் குறிப்பு என்ற பெயரில் ஊர்க்கதை நடக்காத சபை எனக்குத் தெரிந்து இல்லை. "என் மனதில் ஒருவர் இருக்கிறார், அவருக்காக" என்றால் போதும்.

கத்தோலிக்கர் செபமாலையில் ஒரு பத்து மணியை அவருக்கு ஒதுக்கலாம். மாதாவின் கையில் விட்டுவிட்டால் வார்த்தை தேட வேண்டிய பாடு இல்லை. மற்றச் சபையார் தங்கள் காலைத் தியானத்தில் ஒரு நிமிடம் வைத்தால் சரி. நீட்ட வேண்டாம். நீட்டினால் பழைய கதை உள்ளே வந்துவிடும்.

"நான் மன்னிக்கிறேன்" என்ற சொல்லே வரமாட்டேன் என்கிறது என்றால்? இதைக் கொஞ்சம் கவனியுங்கள். சிலுவையில் இயேசு தம்மை அறைந்தவர்களைப் பார்த்து "உங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லவில்லை. "தந்தையே, இவர்களை மன்னியும்" என்றார் (லூக்கா 23:34). கல்லெறிபட்டுச் சாகும்போது முதல் மறைசாட்சி ஸ்தேவானும் அப்படித்தான், இந்தப் பாவத்தை இவர்கள்மேல் சுமத்த வேண்டாம் என்று ஆண்டவரைக் கேட்டார். உங்களால் முடியாத இடத்தில் தந்தையைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். "என்னால் ஏலாது, நீர் மன்னியும்" என்பதும் முழுமையான செபம். சிலர் மாதக்கணக்காக இந்த ஒரு வரியோடு மட்டும் நிற்பார்கள். நிற்கலாம், தப்பில்லை.

சின்னதாக ஒரு நன்மை

செபம் கொஞ்சம் ஊறிய பிறகு கை காலுக்கும் வேலை கொடுங்கள். எங்கள் ஊரில் பகை என்பது பெரும்பாலும் கதை பேச்சில்லாமல் இருப்பதுதான். எதிரில் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவது, கலியாணத்துக்குச் சொல்லாமல் விடுவது, செத்தவீட்டுக்குப் போகாமல் இருப்பது. ஆகவே நன்மையும் அந்த அளவில் இருக்கட்டும். சந்தியில் கண்டால் தலையை ஆட்டுங்கள். அவர் வீட்டில் செத்தவீடு என்றால் போய், பின் வரிசைக் கதிரையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரம் அவர் பக்கத்து வாங்கில் இருந்தால் அந்தப் பக்கமும் கைகூப்புங்கள். முருங்கைக்காய் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிற்பதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம், வாங்கிறவருக்கே அது பயத்தைக் கொடுக்கும்.

சில்லாலையில் இன்றைக்கும் நினைக்கப்படுகிற புனித யோசேப் வாஸ் அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். பிறகு கண்டிக்குப் போன இடத்தில் போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறையில் போட்டார்கள். 1697இல் அதே கண்டியில் அம்மை பரவி, நோயாளிகளைச் சொந்தக்காரரே கைவிட்டு ஓடியபோது, அவர் தங்கி நின்று கஞ்சி கொடுத்துக் கழுவித் துடைத்துப் பராமரித்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் வைத்துத் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைத் தேடித் திரிந்த ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. கோயிலுக்குள் இருந்து வரும் காயம் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை.

கதைக்கப் போவதென்றால்

எல்லோரும் போக வேண்டியதில்லை. போனால் மத்தேயு 18:15 சொல்லும் ஒழுங்கில் போங்கள்: முதலில் நீங்களும் அவரும் தனியே. அது சரிவராவிட்டால் இரண்டொரு ஆட்களோடு. அதன் பிறகு சபை. இங்கே நடப்பது தலைகீழ். முதலில் ஊருக்கு, பிறகு சுவாமிக்கு, கடைசியில்தான் ஆளுக்கே தெரியவரும்.

போய் "நான் உங்களை மன்னித்துவிட்டேன்" என்று தொடங்காதீர்கள். தான் பிழை செய்ததாகவே நினைக்காத ஒருவருக்கு அது குற்றச்சாட்டு, அன்றைக்கே புதுச் சண்டை தொடங்கிவிடும். "அந்த நாள் படலைக்கு வெளியில் நிற்கவைத்தது எனக்குச் சரியான வேதனை அக்கா" என்று நடந்ததைச் சொல்லுங்கள், பிறகு அவவைக் கதைக்க விடுங்கள். மன்னிப்புக் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். காசைத் திருப்பிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வரி தண்டுகிற சக்கேயு, தான் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று சொன்னபோது இயேசு "பரவாயில்லை, வைத்துக்கொள்" என்று சொல்லவில்லை.

காணி, காசுப் பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. ஊரில் இணக்கசபை என்பார்கள். விசுவாசி அங்கே போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம்.

உங்களை அடித்தவரிடமோ, கெடுத்தவரிடமோ தனியே போகவே வேண்டாம். உரோமையர் 12:18இல் பவுலே "இயலுமானால், உங்களால் முடிந்த வரை" என்றுதான் சொல்கிறார். அவ்வளவும் உங்கள் பொறுப்பு இல்லை.

கோபம் திரும்பி வரும்

மன்னித்த பிறகும் வரும். ஒரு திகதி வரும்போது வரும், ஒரு பாட்டுக் கேட்டால் வரும். அதனால் முன்பு மன்னித்தது பொய்யாகிவிடாது. எழுபது தடவை ஏழு என்பது ஆளுக்கு ஆள் புதிய பிழைகளுக்கு மட்டும் சொன்னது என்று நான் நினைக்கவில்லை. ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப மன்னிப்பதற்கும் அந்தக் கணக்குத் தேவைப்படும். வந்தால் கொப்பியிலிருந்த அதே வரியை எடுத்து, அதே வார்த்தைகளால் மறுபடி ஒப்படையுங்கள்.

பெயர் தெரியாத ஆட்களாக இருந்தால்? 1993 நவம்பர் 13இல் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மேலும், 1995 ஜூலை 9இல் சனம் அடைக்கலம் புகுந்திருந்த நவாலி புனித பேதுரு பவுல் ஆலயத்தின் மேலும் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. அங்கே ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் யாருடைய பெயரைச் சொல்வது? "அன்றைக்கு அந்த விமானத்தில் இருந்தவருக்காக, அனுப்பியவருக்காக" என்று சொல்லலாம். கடவுளுக்குப் பெயர் தெரியும். ஆனால் இந்தச் செபத்தை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வராது. முக்கியமாக, பிள்ளை எங்கே என்று தெரியாமல் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கும் அம்மாக்களிடம். தேடுவதும் கேட்பதும் அவர்களுடைய உரிமை. அதை நிறுத்துவதற்கு மன்னிப்பு என்ற சொல்லைப் பாவிக்கிறவர்கள் பாவம் செய்கிறார்கள். பக்கத்தில் போய் இருங்கள், புத்தி சொல்லாதீர்கள்.

செத்துப்போனவரை மன்னிக்க வேண்டியிருந்தால் கத்தோலிக்கருக்கு வழி இலகு. அவர் பெயருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம், நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போகும்போது அவருடைய கல்லறையிலும் ஒரு திரி கொளுத்தலாம். இறந்தவர்களுக்காகச் செபிக்காத சபையார் அவருடைய பிள்ளைகளுக்காக வேண்டலாம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மத்தேயு 5:23இல் இயேசு, காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன்மேல் உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். அங்கே பிழை செய்தவர் நாங்கள். சாதி சொல்லிக் குத்தியது, சீதனத்துக்காக மருமகளை அழவைத்தது, தம்பியின் பங்கை எழுதி எடுத்தது. ஊராகவும் ஒன்று இருக்கிறது: 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள் புலிகள். நாங்கள் செய்யவில்லை என்று பலர் சொல்லலாம், உண்மையும்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்காகவும் எங்கேயோ யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு செபிக்க வேண்டியிருந்திருக்கும்.

யாரிடம் கேட்பது

உங்கள் பங்குச் சுவாமியிடமோ போதகரிடமோ போகலாம். கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனத்தில் "எனக்கு மன்னிக்க முடியவில்லை" என்று அப்படியே சொல்லலாம். அங்கே சொன்னது வெளியே போகாது. நல்ல ஆலோசகர் முதலில் "என்ன நடந்தது?" என்று கேட்பார். கேட்காமலே "மன்னித்துவிடுங்கள்" என்று தொடங்குகிறவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால் செபத்தோடு மருத்துவ உதவியும் வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, சாந்திகம் போன்ற உளவள நிலையங்கள் இருக்கின்றன, 1926 தேசிய உளநல உதவி இலக்கம். போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள், முதலிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டிய பாடு மிஞ்சும்.